விக்கிமூலத்தில் நிறுத்தக்குறி திருத்துவது: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

நெல்லைவாசகி:

எல்லோருக்கும் வணக்கம். அச்சு நூல்களை இணையத்தில் உரையாக்கும் தளமான விக்கிமூலத்தில் அண்மையில்தான் கணக்கு தொடங்கினேன். நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஒரு கட்டுரைத் தொகுப்பில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1950-களில் அச்சானது. எழுத்துகள் பெரிய தொல்லை தரவில்லை. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் கூகுள் ஓசிஆர் தமிழை ஓரளவு ஒழுங்காகவே படித்துவிடுகிறது. உயிரை வாங்குவது நிறுத்தக்குறிதான்.

படத்தில் கேள்விக்குறி இருக்கும் இடத்தில், தட்டச்சுப் பெட்டியில் 2 இருக்கிறது. சில இடங்களில் 7. வியப்புக்குறி 1 ஆகிவிட்டது. காற்புள்ளி எல்லாம் முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளியில் பாதியைக் காணவே காணோம். சில பத்திகளைச் சேமித்துப் பார்த்தால் வரியில் பாதி சாய்ந்த எழுத்தாக வருகிறது. நான் எங்கும் சாய்வு போடவில்லை. அப்புறம், அசல் அச்சிலேயே "என்ன ?" என்று குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதை அப்படியே வைப்பதா, நெருக்கிவிடுவதா? ஆசிரியர் வேறு நாலு சொல்லுக்கு ஒரு காற்புள்ளி போடுகிறார். பார்த்தால் கை துறுதுறுக்கிறது.

எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழுப்புத்தாள்:

வாருங்கள், நல்வரவு. சாய்வுக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், எல்லாப் புதியவரும் அதில்தான் முழிப்பார்கள்.

இரட்டை மேற்கோளை ஓசிஆர் பல நேரம் இரண்டு ஒற்றை மேற்கோளாகப் படித்து '' என்று தருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் விக்கி நிரலில் '' என்றால் சாய்வெழுத்தைத் தொடங்கு என்று பொருள். விக்கி இதை வரி வரியாகக் கணக்கிடும். அதனால் மேற்கோள் முதல் வரியில் தொடங்கி மூன்றாம் வரியில் முடிந்தால், முதல் வரியில் குறிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் சாயும். நடு வரி நிமிர்ந்து நிற்கும். மூன்றாம் வரியில் மேற்கோள் முடிந்த பிறகு இருக்கிற பகுதி சாயும். அதாவது சாயவே கூடாத பகுதி. மூன்று ஒற்றைக்குறி சேர்ந்துவிட்டால் தடித்த எழுத்து. இரண்டையும் அழித்துவிட்டு விசைப்பலகையில் உள்ள " குறியை இடுங்கள், தீர்ந்தது.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. வரியின் முதலில் ஒரு வெற்றிடம் இருந்தால் அந்த வரி சாம்பல் பெட்டிக்குள் போய்விடும். வரி * குறியில் தொடங்கினால் பட்டியலாகிவிடும். பழைய நூல்களில் அடிக்குறிப்பு உடுக்குறியோடுதான் தொடங்கும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். முக்காற்புள்ளி வரியின் தலையில் வந்து விழுந்தால் வரியே உள்ளே தள்ளிப்போகும். அரைப்புள்ளி விழுந்தால் வரி தடிக்கும். ஆக, அச்சில் வெறும் குறியாக இருப்பது விக்கியில் கட்டளையாகிவிடுகிறது. சேமிக்கும் முன் முன்தோற்றத்தை ஒருமுறை பாருங்கள்.

காற்புள்ளி, இடைவெளி பற்றி இங்கே ஆளுக்கொரு கருத்து வரும். வரட்டும்.


ரெஜெக்ஸ்ராசா:

இதையெல்லாம் பக்கம் பக்கமாக உட்கார்ந்து கையால் செய்கிறீர்களா? சோற்றில் கல் பொறுக்குகிற வேலை. முழு நூலுக்கும் ஒரே ஓட்டத்தில் தேடி மாற்றுங்கள். குறிக்கு முன் இடைவெளி இருந்தால் நீக்கு. குறிக்குப் பின் இடைவெளி இல்லாவிட்டால் சேர். '' வந்தால் " ஆக்கு. வரி இறுதியில் இணைப்புக்கோடு இருந்தால் கோட்டை எடுத்துவிட்டு அடுத்த வரியை ஒட்டு. சொல்லின் முடிவில் 2 ஒட்டிக்கொண்டிருந்தால் கேள்விக்குறி. மொத்தமாகத் திருத்த உதவும் ஆட்டோவிக்கிபிரவுசரில் இந்த ஐந்து விதிகளைப் போட்டால் முந்நூறு பக்க நூல் ஒரு மாலையில் முடிந்துவிடும். தன்னார்வலர் நேரம் விலை மதிப்புள்ளது. நாட்டுடைமை நூல்கள் ஆயிரக்கணக்கில் மெய்ப்பு பார்க்காமல் சிவப்பாகவே கிடக்கின்றன.


இலக்கணப்பித்தன்:

ராசா, உம்முடைய விதிகளை ஓர் உரைநூலில் ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா?

பழைய உரைப் பதிப்புகளில் "(இ-ள்.)" என்று வரும். இதன் பொருள் என்பதன் சுருக்கம். உரை முடிவில் "எ-று" வரும், என்றவாறு. நடுவில் "எ-து", என்பது. உ. வே. சாமிநாதையர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் "(பி-ம்.)" என்று பிரதிபேதங்களைக் கொடுத்திருப்பார். இந்த இணைப்புக்கோடு வரி உடைந்ததால் வந்தது அல்ல, சொல்லைச் சுருக்கியதால் வந்தது. வரி இறுதியில் "எ-" என்று நின்று அடுத்த வரியில் "று" வந்தால் உம்முடைய விதி அதை "எறு" ஆக்கிவிடும். ஒரு நூலில் யாரோ மொத்தமாக ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நூல் முழுக்க "எறு", "இள்". உரையாசிரியர் எறும்பைப் பற்றி எழுதினாரா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அடுத்தது, புள்ளிக்குப் பின் இடைவெளி. "திரு.வி.க." என்று நெருக்கி அச்சிட்டவர்களும் உண்டு, "திரு. வி. க." என்று விட்டு அச்சிட்டவர்களும் உண்டு. அந்தப் பதிப்பில் எப்படியோ அப்படித்தான் வரவேண்டும். 3.5 என்ற எண்ணின் நடுவில் இடைவெளி சேர்த்தால் அது எண்ணே இல்லை. "விலை ரூ. 2-8-0" என்று பழைய நூலின் முதல் பக்கத்தில் இருக்கும். இரண்டு ரூபாய் எட்டணா. 1957-இல் நயாபைசா வரும்வரை விலை அப்படித்தான் போட்டார்கள். சிறுகோட்டை எல்லாம் நீள்கோடு ஆக்கு என்று இன்னொருவர் விதி வைத்திருந்தார். அது விலையையும் விடாது, 15-8-1947-ஐயும் விடாது.

சொல் முடிவில் 2 என்றால் கேள்விக்குறி என்கிறீர். அடிக்குறிப்பு எண் 2 எங்கே வரும்? சொல்லின் முடிவில்தானே?


ரெஜெக்ஸ்ராசா:

உரைநூலுக்கு நான் சொல்லவில்லை ஐயா. அவர் வைத்திருப்பது கட்டுரைத் தொகுப்பு. உரைநூலுக்கென்று விலக்குப் பட்டியல் போட்டுக்கொண்டால் போயிற்று: எ-று, எ-து, இ-ள், எ-டு, பி-ம். எண்களுக்கு நடுவே உள்ள கோட்டைத் தொடாதே என்று ஒரே ஒரு நிபந்தனை. இதற்காகக் கருவியையே வேண்டாம் என்பது அதிகம்.


பழுப்புத்தாள்:

கட்டுரைத் தொகுப்பிலும் நடுவில் பத்துக் குறளும் பரிமேலழகர் உரையும் மேற்கோளாக வரும் ராசா. தமிழ்க் கட்டுரை ஆசிரியர்கள் யாரும் செய்யுள் இல்லாமல் எழுதியதில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடிய சில உண்டு, அதையும் சொல்லவேண்டும். இரட்டைப் புள்ளி, அதாவது ஒரே மெய்யின் மேல் இரண்டு புள்ளி, எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராது. வெற்றிடத்துக்குப் பின் தனியாக ஒரு துணைக்கால் அல்லது கொம்பு நின்று புள்ளிகளாலான வட்டத்தோடு தெரிந்தால் அது இயந்திரம் உடைத்ததுதான். எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய நூலாக இருந்தால் மட்டும் பார்த்துச் செய்யவும், அங்கே குறியைத் தனியாகக் காட்டியே எழுதியிருப்பார்கள்.

பாதுகாப்பாகத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. ஔவையாரை ஓசிஆர் "ஒளவையார்" என்று ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தரும். சரி, "ஒள" வந்தால் "ஔ" ஆக்கு என்று போட்டால் ஒளி, ஒளிந்து, ஒள்ளிய எல்லாம் போச்சு. முழுச் சொல்லாகத்தான் மாற்றவேண்டும்.


கம்பாசிட்டர்மகள்:

குறிக்கு முன் உள்ள இடைவெளி பற்றிக் கேட்டிருந்தீர்கள் நெல்லைவாசகி. அதற்கு அச்சகத்திலிருந்து பதில் சொல்கிறேன். அப்பா ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர். சின்ன வயதில் அச்சகத்திலேயேதான் கிடப்பேன்.

எழுத்தை அடுக்கும் ஸ்டிக்கில் வரி கோக்கும்போது வரியின் இரு முனையும் ஒரே அளவாக நிற்கவேண்டும். தளர்ந்து நின்றால் பக்கங்களைச் சேர்த்து ஃபாரமாக முடுக்கும்போது எழுத்து கொட்டிவிடும். கடைசிச் சொல் உள்ளே அடங்காது, உடைக்கவும் வழியில்லை என்றால், மிச்சமுள்ள இடத்தை நிரப்பியாகவேண்டும். சொற்களுக்கு நடுவில் ஸ்பேஸ் போடுவார்கள். அதுவும் போதாவிட்டால் கேள்விக்குறிக்கும் அரைப்புள்ளிக்கும் முன்னால் மெல்லிய ஸ்பேஸ் ஒன்று. சில அச்சகங்களில் வரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ? ! ; : நான்குக்கும் முன்னால் மெல்லிய ஸ்பேஸ் விடுவது வழக்கமாகவே இருந்தது. அங்கே வேலை பழகியவர்கள் எங்கே போனாலும் அப்படித்தான் கோப்பார்கள்.

ஆகவே அந்த இடைவெளியை ஆசிரியர் எழுதவில்லை. கையெழுத்துப் படியில் அது இருந்திருக்காது. ஒரே பக்கத்தில் ஒரு கேள்விக்குறி ஒட்டி நிற்கும், இன்னொன்று தள்ளி நிற்கும். வரி எங்கே நிரம்பியது என்பதுதான் காரணம். அதை நெருக்கினால் யாருக்கும் நட்டமில்லை. நெருக்காவிட்டால் திரையில் வரி மடங்கும்போது கேள்விக்குறி மட்டும் தனியாக அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காற்புள்ளி அப்படி இல்லை. கம்பாசிட்டர் தன் விருப்பத்துக்குக் காற்புள்ளி சேர்க்கமாட்டார். சேர்த்தால் புரூஃப் பார்ப்பவர் சிவப்பு மையில் சுழித்து அனுப்புவார், கம்பாசிட்டருக்குத்தான் மறுவேலை. எனவே காற்புள்ளி ஆசிரியருடையது, இல்லாவிட்டால் பதிப்பாசிரியருடையது. தொடாதீர்கள்.

ஈய எழுத்து தேய்ந்தால் காற்புள்ளியின் வால்தான் முதலில் போகும், வெறும் புள்ளியாக விழும். உங்கள் நூலில் காற்புள்ளி முற்றுப்புள்ளியாகத் தெரிவதில் பாதி ஓசிஆர் குற்றம், பாதி அச்சகத்தின் குற்றமாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வால் இருந்த இடத்தில் மயிரிழை அளவுக்காவது மை தெரியும்.


நெல்லைவாசகி:

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. மிக்க நன்றி. பெரிதாக்கிப் பார்த்தேன், சில இடங்களில் வால் தெரிகிறது. ஓர் இடத்தில் வாலும் இல்லை, ஆனால் "வந்து." என்று எச்சத்தில் முற்றுப்புள்ளி நிற்கிறது. அதை என்ன செய்வது?


இலக்கணப்பித்தன்:

வினையெச்சத்துக்குப் பின் முற்றுப்புள்ளி வராது, வாக்கியம் அங்கே முடியவில்லை. காற்புள்ளி என்று கொள்ளலாம். ஆனால் அச்சில் தெளிவாகவே முற்றுப்புள்ளி இருந்தால், அதைக் காட்டிவிட்டுத் திருத்துவதற்கு விக்கிமூலத்தில் சிக் வார்ப்புரு இருக்கிறது. அச்சில் இருந்த வடிவமும் நிற்கும், சரியான வடிவமும் வாசகருக்குத் தெரியும். தேய்ந்த எழுத்துக்கு அது தேவையில்லை, அச்சுக்கோத்தவர் உண்மையாகவே தவறாகக் கோத்திருந்தால்தான்.


அரைப்புள்ளி:

எல்லோரும் "தொடாதே, தொடாதே" என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த நூல்களை யாருக்காகப் போடுகிறோம்? படிப்பவருக்காகத்தானே? பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையில் ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும், நடுவில் பத்து அரைப்புள்ளி. "அவன் வந்து, கண்டு, வணங்கி, நின்று, சொன்னான்" என்று மூச்சுக்கு மூச்சு காற்புள்ளி. இன்றைய மாணவன் திறந்த வேகத்தில் மூடிவிடுவான். ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறியே கிடையாது, மெய்க்குப் புள்ளிகூட இடமாட்டார்கள். அச்சு வந்தபிறகு ஆறுமுக நாவலர் போன்றவர்கள் ஐரோப்பிய முறையைப் பார்த்து இட்ட குறிகள்தானே இவை. அவர் தம் காலத்து வாசகருக்காகக் குறி சேர்த்தார் என்றால், நம் காலத்து வாசகருக்காக நாம் நாலு குறியைக் குறைத்தால் என்ன தப்பு?


இலக்கணப்பித்தன்:

நல்ல கேள்விதான். பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. நாவலர் பதிப்பாசிரியராக இருந்து, தம் பெயரைப் போட்டு, தம் பதிப்பில் செய்தார். நீங்களும் உங்கள் பெயரில் ஓர் எளிய பதிப்பு போடுங்கள், பதிப்புரிமை இல்லாத நூல்தான், யாரும் தடுக்கமாட்டார்கள். விக்கிமூலத்தில் நாம் இடப்பக்கம் உரையும் வலப்பக்கம் படமும் வைத்து, இது இந்தப் பக்கத்தின் படி என்று வாசகரிடம் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் காற்புள்ளியைத் தூக்கினால், நாளைக்கு நாவலர் நடையில் நிறுத்தக்குறி எப்படி இருந்தது என்று ஆராய வருகிற மாணவிக்கு நம் உரையால் பயன் இல்லை. அவள் எண்ணுவது நாவலர் இட்ட குறிகளை அல்ல, உங்கள் குறிகளை.

சொற்பொருளும் மாறும். "நம்பி தம்பி முருகன் வந்தார்கள்" என்று எழுதினால் வந்தவர்கள் எத்தனை பேர்? காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் இரண்டு பேரா மூன்று பேரா என்று சொல்லமுடியும்.


அரைப்புள்ளி:

பெயரடுக்கில் தொடவேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். எச்ச அடுக்கில் இருப்பது வெறும் மூச்சு நிறுத்தம்தான் என்பது என் கருத்து. ஆனால் படியாக வைக்கிற இடத்தில் வேண்டாம் என்கிறீர்கள், அது சரிதான். மின்னூலாக மாற்றுகிறபோது பார்த்துக்கொள்கிறேன்.


செவிவழி:

காதால் படிப்பவன் ஒருவன் சொல்கிறேன். எனக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பான் வழியாகத்தான் விக்கிமூலத்தைக் கேட்கிறேன். ஸ்கேன் படம் எனக்கு ஒன்றும் சொல்லாது. ஆகவே நீங்கள் பெட்டியில் வைப்பதுதான் எனக்கு நூல்.

முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் குரல் நிற்காது. ஒரு வாக்கியத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் சேர்ந்து வேறொரு பொருள் தந்துவிட்டுப் போகும், திரும்பப் பின்னால் போய்க் கேட்கவேண்டும். கேள்விக்குறிக்குப் பதில் 2 இருந்தால் "எங்கே போனாய் இரண்டு" என்று படிக்கும். சொல்லின் நடுவே தெரியாமல் விழுந்த புள்ளி இருந்தால் அங்கே மூச்சு வாங்கும். வரிக்கு வரி கோடு போட்டு அலங்காரம் செய்திருந்தால் "கோடு கோடு கோடு" என்று அது முடியும்வரை காத்திருக்கவேண்டும்.

காற்புள்ளி அதிகம் என்று அரைப்புள்ளி சொன்னார். எனக்கு அது தொல்லையே இல்லை. பழைய ஆசிரியர்களின் நீண்ட வாக்கியத்தைக் காதால் பிடிக்க முடிவதே அந்தக் காற்புள்ளிகளால்தான். சரிபார்த்த பச்சைப் பக்கத்தைவிட, குறி ஒழுங்காக உள்ள மஞ்சள் பக்கம் எனக்கு மேல். மெய்ப்புப் போட்டி நடக்கிற மாதங்களில் எழுத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நிறத்தை மாற்றிக்கொண்டே போகிறார்கள். கேட்கிறபோது உடனே தெரிந்துவிடும்.


பழுப்புத்தாள்:

செவிவழி சொன்னதை இந்த இழையின் தலையில் ஒட்டிவைக்கவேண்டும். நிறத்துக்கான விதியும் அதுதான். மஞ்சள் என்றால் ஒருவர் படத்தோடு முழுதும் ஒப்பிட்டுவிட்டார் என்று பொருள். பச்சை என்றால் இரண்டாவது ஆள் மறுபடி ஒப்பிட்டார். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கணினியே விடாது. எழுத்து சரி, குறி பிறகு என்று யாரும் மஞ்சள் ஆக்கக்கூடாது. நேரமில்லையா, திருத்தியதைச் சேமித்துவிட்டுச் சிவப்பிலேயே விடுங்கள். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.


கடல்தாண்டி:

நான் ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் தளத்திலும் பக்கம் பார்க்கிறேன். 2000-இல் தொடங்கியது, இலவச மின்னூல்கள் தரும் குட்டன்பர்க் திட்டத்துக்கு நூல்களைத் தயார்செய்து கொடுக்கிறது. அங்கே இதே சண்டைகளை எல்லாம் எப்போதோ போட்டு முடித்து விதியாகவே எழுதிவைத்துவிட்டார்கள். நமக்கு ஒத்துவருகிறதா பாருங்கள்.

முதல் விதி, ஆசிரியர் எழுதியதை மாற்றாதே. அதே கையோடு, குறிக்கு முன்னால் அச்சுக்காரர் விட்ட இடைவெளியை நீக்கிவிடு என்றும் சொல்கிறார்கள். கம்பாசிட்டர்மகள் சொன்ன அதே காரணம்தான். வரி இறுதியில் உடைந்த சொல்லைச் சேர். அந்தக் கோடு சொல்லுக்கே உரியதா, வரி உடைந்ததால் வந்ததா என்று தெரியாவிட்டால் கோட்டை விட்டு, பக்கத்தில் ஓர் உடுக்குறி போட்டுவை, அடுத்தவர் பார்த்துக்கொள்வார். சந்தேகம் என்றால் சதுர அடைப்புக்குள் இரண்டு உடுக்குறி போட்டு அங்கேயே கேள்வியை எழுதிவிடலாம். நூலை இறுதியாகத் தொகுப்பவர் அதைத் தீர்ப்பார். ஒரு பக்கத்தை மூன்று சுற்று மெய்ப்பு பார்த்து, அதற்கு மேல் இரண்டு சுற்று வடிவமைப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சந்தேகக் குறிதான். நம் விக்கிமூலத்தில் ஆட்கள் ஊகித்துத் திருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், ஊகித்தார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. நாமும் பக்கத்தின் உரையாடல் பகுதியில் ஒரு வரி எழுதிவைக்கலாமே.

தமிழுக்கென்று ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது, ஆங்கிலத்தில் இது இல்லை. நம் அச்சுநூல்களில் பல, வரி இறுதியில் சொல்லை உடைத்துவிட்டுக் கோடே போடுவதில்லை. "போ" இந்த வரியில், "கிறான்" அடுத்த வரியில், நடுவில் ஒன்றும் இல்லை. ஓசிஆர் வரிகளைச் சேர்த்தால் "போ கிறான்" ஆகிவிடுகிறது. இதை எந்த விதியாலும் பிடிக்கமுடியாது, இரண்டும் தனித்தனியே நல்ல சொல்போலவே இருக்கும்.


ரெஜெக்ஸ்ராசா:

பிடிக்கமுடியும், ஓரளவுக்கு. "கிற", "கின்ற" தனிச்சொல்லாகத் தொடங்கினால் காட்டு என்று தேடலாம். தமிழ்ச் சொல் அப்படித் தொடங்குவது அபூர்வம். "க்கு", "த்தில்" போல ஒற்று முதலில் நின்று தொடங்கும் சொல்லே தமிழில் கிடையாது, அதையும் தேடலாம். மாற்று என்று சொல்லவில்லை, காட்டு என்று மட்டும்தான் சொல்கிறேன், இலக்கணப்பித்தன் ஐயா கோபிக்கவேண்டாம்.


கடல்தாண்டி:

அதுதான் வேண்டும் ராசா. சொல் பக்க இறுதியில் உடைந்தால் இன்னொரு சிக்கல். பக்கத்தின் கடைசியில் இணைப்புக்கோடு இருந்தால், முழு நூலாகக் கோக்கும்போது விக்கிமூலம் தானாகவே கோட்டை நீக்கி அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிடும். கோடு இல்லாமல் உடைத்த நூல்களில் ஒட்டாது, சொல்லுக்குள் இடைவெளி வந்து நிற்கும். அங்கே கோட்டை நாமே சேர்ப்பது சரி. கோத்த பிறகு அது வாசகர் கண்ணில் படாது.


நெல்லைவாசகி:

இன்னும் இரண்டு. ஒருவர் நீளமாகப் பேசுகிற இடத்தில், ஒவ்வொரு பத்தியின் முதலிலும் மேற்கோள்குறி இருக்கிறது, ஆனால் பத்தி முடிவில் மூடும் குறி இல்லை. கடைசிப் பத்தியில் மட்டும் இருக்கிறது. விடுபட்டது என்று நினைத்து மூடலாமா? இரண்டாவது, சில நூல்களின் கடைசியில் "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதை என்ன செய்வது?


பழுப்புத்தாள்:

முதலாவது, மூடாதீர்கள். பேச்சு இன்னும் முடியவில்லை என்று காட்டுகிற முறை அது. பத்தி தொடங்கும்போதெல்லாம் குறி திறப்பார்கள், பேசி முடித்த இடத்தில் மட்டும் மூடுவார்கள். நீங்கள் மூடினால் பேசுகிறவர் மாறிவிட்டார் என்று படிப்பவர் நினைப்பார். நாவல்களில் இது பெரிய குழப்பமாகும்.

இரண்டாவது, அந்தப் பட்டியலை மெய்ப்பைத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தியாக இருக்கும். அதில் பாதி, புள்ளி விட்டது, குறி மாறியது போன்றவைதான். இது ஆசிரியரே ஒப்புக்கொண்ட பிழை. உரைக்குள் சிக் வார்ப்புருவால் திருத்திக் காட்டுவேன் நான். பட்டியல் பக்கத்தையும் உள்ளபடியே விட்டுவைப்பேன், அதுவும் நூலின் பகுதிதான்.


இலக்கணப்பித்தன்:

மெய்ப்பு பார்ப்பவர்கள் கவனிக்க இன்னொன்று. பழைய நூல்களில் இயல் எண்ணும் செய்யுள் எண்ணும் தமிழ் எண்ணில் இருக்கும். ௧ என்பதை ஓசிஆர் க என்றும், ௨ என்பதை உ என்றும், ௭ என்பதை எ என்றும் தந்துவிடும். பின்னால் புள்ளியும் இருப்பதால் "உ." என்று தலைப்பெழுத்துபோல நிற்கும், யாருக்கும் ஐயம் வராது. அதேபோல நூலின் உச்சியில் தனியாக ஒரு "உ" இருந்தால் அது பிள்ளையார் சுழி, இரண்டாம் பக்கம் இல்லை. ஒரு நல்ல மனிதர் அதை 2 என்று மாற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ஆய்தத்தையும் பாருங்கள். மங்கலான அச்சில் அஃது என்பதன் நடுவில் முக்காற்புள்ளி வந்திருக்கும், "அ:து" என்று. சில அச்சகங்கள் உண்மையிலேயே ஆய்தம் தீர்ந்துபோய் அப்படிக் கோத்ததும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கம்பாசிட்டர்மகள்தான் சொல்லவேண்டும்.


கம்பாசிட்டர்மகள்:

ஒரு பக்கத்துக்கு எந்த எழுத்து எத்தனை வேண்டுமோ அத்தனை எழுத்துப் பெட்டியில், அதாவது கேஸில், இருந்தால்தான் கோக்கமுடியும். தீர்ந்துவிட்டால் முந்திய ஃபாரம் அடித்து முடித்து எழுத்தைப் பிரித்துப் போடும்வரை காத்திருக்கவேண்டும். இலக்கண நூல் கோக்கும்போது ஆய்தம் தீர்ந்துபோவது நடக்கக்கூடியதுதான். அப்படி வந்திருந்தால் ஒரே ஃபாரத்துக்குள், அதாவது பதினாறு பக்கத்துக்குள், அடுத்தடுத்து வரும். அடுத்த ஃபாரத்தில் ஆய்தம் மறுபடி சரியாக இருக்கும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.


அரைப்புள்ளி:

ஒரு குறுக்குவழி கேட்கலாமா? இதே நூல், தமிழ் நூல்களை மின்னுரையாக இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் அங்கிருந்து உரையை எடுத்து ஒட்டிவிட்டால் என்ன? அவர்கள் 1998-இலிருந்து செய்கிறார்கள், ஏற்கெனவே மெய்ப்பு பார்த்த உரை.


பழுப்புத்தாள்:

எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கலாம், மிகவும் உதவும். தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் கையால் தட்டச்சு செய்தார்கள். மனிதர் தட்டச்சு செய்தால் ஒரு சொல், சில நேரம் ஒரு வரியே கண்ணுக்குத் தப்பிவிடும், ஆனால் கேள்விக்குறியை 2 என்று அடிக்கமாட்டார். ஓசிஆர் வரியைப் பெரும்பாலும் விடாது, குறியைத்தான் விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டுவது மட்டும் வேண்டாம். அவர்கள் எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தார்களோ, நம்மிடம் உள்ள படம் வேறு பதிப்பாக இருக்கலாம். சொல் ஒன்றாகவே இருக்கும், நிறுத்தக்குறி பதிப்புக்குப் பதிப்பு மாறும்.


ரெஜெக்ஸ்ராசா:

சரி, எல்லோரும் சொன்னதை வைத்து என் விதிகளைப் பிரித்துக்கொண்டேன். தானாக மாற்றுவது: இரட்டைப் புள்ளி, வெற்றிடத்துக்குப் பின் தனித்து நிற்கும் துணையெழுத்து, ? ! ; : முன் இடைவெளி. அவ்வளவுதான். மற்ற எல்லாமே தேடிக் காட்டுவது மட்டும்: இரண்டு ஒற்றை மேற்கோள், சொல் முடிவில் 1, 2, 7, எச்சத்துக்குப் பின் முற்றுப்புள்ளி, வரி இறுதிக் கோடு, ஒற்றில் தொடங்கும் சொல், பத்தி முடிவில் எந்தக் குறியும் இல்லாதது. காட்டிய இடத்தைத் திறந்தால் படம் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து மாற்றவேண்டியது ஆளின் வேலை. தேடல் பெட்டியில் இன்சோர்ஸ் (insource:) என்ற முன்னொட்டோடு போட்டாலே வரும், தனிக் கருவி வேண்டாம். கையால் முழுக்கப் பார்ப்பதைவிட இது வேகம்தான் என்பதை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.


இலக்கணப்பித்தன்:

முக்காற்புள்ளியின் முன் இடைவெளியில் ஒரு திருத்தம். நாடக நூலில் ":—" என்று சேர்ந்து வரும், பேசுகிறவர் பெயருக்குப் பின். கோட்டுக்குப் பின்னால் இடைவெளி சேர்க்கும் விதி எதுவும் அதில் படக்கூடாது. மற்றபடி எனக்குச் சம்மதம்.


செவிவழி:

காட்டும் பட்டியலில் பத்தி முடிவில் குறியில்லாததை முதலில் வையுங்கள் ராசா. கேட்பவனுக்கு அதுதான் பெரிய தொல்லை.


ரெஜெக்ஸ்ராசா:

வைத்துவிட்டேன். தலைப்புகளும் செய்யுள் அடிகளும் அதில் சேர்ந்து வரும், அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.


நெல்லைவாசகி:

எல்லோருக்கும் நன்றி. பட்டியலை வைத்து இன்று உட்கார்ந்தேன். ஓரிடத்தில் மட்டும் நிற்கிறேன். ஒரு பக்கத்தின் வலது ஓரம் கிழிந்து, கடைசி ஆறேழு வரிகளின் முடிவு படத்தில் இல்லை. சொற்களை ஊகிக்க முடிகிறது. குறிகளை ஊகிக்கமுடியவில்லை.


பழுப்புத்தாள்:

ஊகிக்கவேண்டாம், சொற்களையும்தான். அந்தப் பக்கத்தைச் "சிக்கலானது" என்று குறித்துவிட்டு, உரையாடல் பகுதியில் காரணம் எழுதுங்கள். வேறு பிரதியின் அதே பக்கம் கிடைத்தால் நிரப்பலாம். முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள், அப்புறம் ஆர்க்கைவ் தளத்தில். அதே ஆண்டு, அதே பதிப்பு என்று முதல் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.


கடல்தாண்டி:

நூலின் பெயரையும் பக்க எண்ணையும் இங்கே போடுங்கள். ஆர்க்கைவில் நான் தேடுகிறேன்.